எல்க் வேட்டைக்கு .30-06 ரைஃபிளில் எந்தக் குண்டு பொருந்தும்?

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிள். சிறிய மான்களுக்கு இதுவரை 150 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) எடையுள்ள, செம்பு உறைக்குள் ஈயம் நிரப்பிய சாதாரணக் குண்டையே பயன்படுத்தி வருகிறேன். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. இந்தப் பருவத்தில் எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாட உரிமம் கிடைத்திருப்பதால், இதே ரைஃபிள் போதுமா, இதைவிட ஆற்றல் மிக்க மேக்னம் வகை ஒன்றை வாங்க வேண்டுமா என்ற ஐயம் எழுந்துள்ளது. குண்டு எடையிலும் 165, 180, 200, 220 என்று பல இருக்கின்றன. நான் சுடும் தூரம் பெரும்பாலும் 200 மீட்டருக்குள்தான் இருக்கும். எடையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதா, கட்டமைப்பைப் பார்த்தா?

மறுமொழி 1

புதிய ரைஃபிள் தேவையில்லை. குண்டை மாற்றினால் போதும். முதலில் பார்க்க வேண்டியது கட்டமைப்பு.

வேட்டைக் குண்டிடம் நாம் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகளை எதிர்பார்க்கிறோம்: உடலுக்குள் நுழைந்ததும் அதன் முனை மலர்ந்து விரிய வேண்டும், விரிந்த பிறகும் இதயத்தையும் நுரையீரலையும் தாண்டும் அளவுக்கு உள்ளே செல்ல வேண்டும். சிறிய மானின் விலாவில் இரண்டும் எளிதாக நடந்துவிடும். முந்நூறு கிலோவைத் தாண்டும் ஆண் எல்க்கின் தோள் எலும்பில் அதே மென்மையான குண்டு பட்டால், உறை கிழிந்து ஈயம் சிதறி, ஆழம் போகாமலே நின்றுவிடக்கூடும். பலர் எண்ணுவதற்கு மாறாக, இந்த ஆபத்து அருகிலிருந்து சுடும்போதுதான் அதிகம், ஏனெனில் அப்போதுதான் குண்டின் வேகம் உச்சத்தில் இருக்கிறது.

1946-இல் அமெரிக்க வேட்டைக்காரர் ஜான் நோஸ்லர், மான் இனத்திலேயே மிகப் பெரியதான மூஸைக் கனடாவில் வேட்டையாடியபோது கண்டதும் இதுவே. அவர் கையில் இருந்தது .300 எச் அண்ட் எச் மேக்னம். குறை சக்தியில் இல்லை, அந்த வேகத்தைத் தாங்காத குண்டில் இருந்தது. அதன் பிறகு அவர் உருவாக்கிய பார்ட்டிஷன் குண்டை நெடுக்காக அறுத்துப் பார்த்தால், முன்னும் பின்னுமாக இரண்டு ஈய அறைகளும் அவற்றுக்கு நடுவே உறையோடு ஒன்றான ஒரு குறுக்குச் சுவரும் தெரியும். முன் அறை விரிந்து கரைந்தாலும், பின் அறை சுவரின் காவலில் முழுமையாகத் தொடர்ந்து செல்லும். மேக்னம் வாங்கி மென்மையான குண்டையே போட்டால், நீங்களும் அதே இடரைத்தான் விலை கொடுத்து வாங்குவீர்கள்.

என் பரிந்துரை: 180 கிரெயின், பார்ட்டிஷன் வகை அல்லது ஈயத்தை உறையோடு உருக்கிப் பிணைத்த வகை.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் எடையை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஒரே விட்டத்தில் எடை கூடக் கூடக் குண்டு நீளமாகிறது. அதன் குறுக்குப் பரப்புக்குப் பின்னால் நிற்கும் எடை கூடுவதால் ஊடுருவலும் கூடுகிறது. இந்த விகிதத்தைக் குறுக்கு அடர்த்தி என்பார்கள்: .30 காலிபரில் (0.30 அங்குலக் குழல் விட்டம்) 150 கிரெயினுக்கு அது 0.226, 180 கிரெயினில் அது 0.271. சுவீடனில் மூஸ் போன்ற பெரிய விலங்குகளுக்கான விதி இதைத் தெளிவாகக் காட்டுகிறது: குண்டு 9 கிராம் என்றால் 100 மீட்டரில் 2700 ஜூல் ஆற்றல் இருக்க வேண்டும், 10 கிராம் அல்லது அதற்கு மேல் என்றால் 2000 ஜூலே போதும். 6.5×55 போன்ற மிதமான ரைஃபிளில் 156 கிரெயின், அதாவது 10.1 கிராம் குண்டைப் போட்டு அங்கே மூஸ் வேட்டையாடுவது நெடுநாள் வழக்கம்.

சாதாரண வகைக் குண்டையே தொடர விரும்பினால் 200 அல்லது 220 கிரெயினுக்குச் செல்லுங்கள். வேகம் குறைவதால் அது சிதறுவதும் குறையும். 200 மீட்டருக்குள் பாதை சற்றுத் தாழ்வது பெரிய இழப்பல்ல.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. முழுச் செம்புக் குண்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? நான் வேட்டைக்குச் செல்லும் பகுதியில் ஈயத்துக்குத் தடை வரலாம் என்கிறார்கள்.

மறுமொழி 3

கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதலே எல்லா வேட்டைக்கும் ஈயமற்ற குண்டுகள்தாம். வேட்டைக்காரர்கள் விட்டுச்செல்லும், ஈயத் துணுக்குகள் கிடக்கும் குடலைத் தின்று காண்டோர் கழுகுகள் நஞ்சேறி இறந்ததே அதற்கு முக்கியக் காரணம். இறைச்சியை உண்பவருக்கும் அந்தத் துணுக்குகள் நல்லதல்ல.

செம்புக் குண்டின் முனைக் குழி இதழ்களாகப் பிரிந்து பின்னோக்கி மடங்கும். இதழ் ஒடியாதவரை எடை ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆகவே மேலே சொன்ன எடைக் கணக்கு இதற்கு அப்படியே பொருந்தாது. 150 அல்லது 165 கிரெயினே எல்க்குக்குத் தாராளமாகப் போதும். 180-க்குப் போவதில் நன்மையைவிடத் தொல்லையே அதிகம் என்பது என் கருத்து: ஈயத்தைவிடச் செம்பின் அடர்த்தி குறைவு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகி, தோட்டாவுக்குள் வெடிமருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்; நிலையாகப் பறக்க வேகமான சுழற்சியும் வேண்டும். குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளம் .30-06 குழல்களில் வழக்கமாகப் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று இருக்கும்; 165 கிரெயினுக்கு அதில் சிக்கலில்லை.

ஒரு குறை உண்டு. வேகம் குறைந்தால் செம்பு விரியத் தயங்கும். பல செம்புக் குண்டுகளுக்கு நொடிக்கு ஏறத்தாழ 600 மீட்டர் வேகமாவது வேண்டும். ஈயக் குண்டு அதற்கும் குறைவான வேகத்தில் மலர்ந்துவிடும். உங்கள் 200 மீட்டருக்கு இது தடையாக இராது.

முழு உலோக உறையிட்ட, விரியாத குண்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். பல இடங்களில் அது சட்டவிரோதம். காயத்தோடு விலங்கு வெகுதூரம் ஓடிவிடும்.

கேள்வி கேட்டவர்

165 கிரெயின் செம்பு என்று முடிவு செய்துவிட்டேன். ரைஃபிளின் குறிபார்க்கும் தொலைநோக்கியின் தற்போதைய சீரமைப்பை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 1

கூடாது. குண்டு மாறினால் படும் இடமும் மாறும். உயரத்தில் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் விலகலாம். குழலில் படிந்த பழைய செம்புப் பூச்சைக் கரைப்பான் கொண்டு துடைத்துவிட்டு, வேட்டைக்கு எடுத்துச் செல்லப்போகும் அதே தோட்டாவால் 100 மீட்டரில் புதிதாகச் சீரமையுங்கள். ஒரே தயாரிப்புத் தொகுதி எண்ணுள்ள பெட்டிகளாகக் கேட்டு வாங்குவது நல்லது.