மறு: ஸ்டெபிலைசேஷனுக்கு ‘அலுங்காமை’ சரிப்படுமா?

வணக்கம்.

நான்கு நாளாக இழை நீண்டுகொண்டே போகிறது. தொடங்கி வைத்தவன் நான் என்பதால் நேற்று இரவு உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். நான் எழுதும் கையேட்டுக்காக, கேமரா ஆடினாலும் படம் ஆடாமல் வரச்செய்யும் ஸ்டெபிலைசேஷன் என்ற வசதிக்குத் தமிழில் ஒரு சொல் கேட்டேன், வந்தது பதினொன்று. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இந்தக் கையேட்டைப் படிக்கப்போவது யார் என்பது நடுவில் எங்கோ நழுவிவிட்டது. முதல் முறையாக ஓர் ஆக்‌ஷன் கேமரா (உடம்பிலோ வண்டியிலோ மாட்டி ஓட்டத்திலேயே படமெடுக்கும் சிறு கேமரா) வாங்கி, அதை வண்டியில் மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மலையேறப் போகிறவருக்காக எழுதுவது இது. எட்டே பக்கம். சொல்லுக்குப் பொருள் தேடி அவர் அகராதி புரட்ட மாட்டார்.

> ‘செயல் படக்கருவி’ என்பதே நேரான சொல். ‘அதிரடிப் படக்கருவி’ என்றால் இளைஞர்களுக்கும் பிடிக்கும்.

இதை முதலில் முடித்துவிடுவோம். ‘செயல்’ எதையும் சொல்லவில்லை, எல்லாக் கருவியும் ஏதோ ஒன்றைச் செய்யத்தான் செய்கிறது. ‘அதிரடி’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தச் சொல்லின் வேரே ‘அதிர்’. எதைத் தவிர்க்க இந்தக் கையேட்டை எழுதுகிறோமோ அதையே கருவிக்குப் பெயராக வைப்பதா? பொருளின் தன்மையைப் பார்த்துப் பெயர் வைப்பதென்றால் ‘அணிபடக்கருவி’ என்று ஒருவர் சொன்னது பொருத்தம்தான். இந்த வகைக் கேமராவுக்குப் பேர்போன கோப்ரோ நிறுவனத்தைத் தொடங்கிய நிக் உட்மன், 2004இல் விற்கத் தொடங்கிய முதல் கோப்ரோவில் வீடியோவே கிடையாது. 35 மில்லிமீட்டர் ஃபிலிம் போட்டு, மணிக்கட்டில் பட்டையால் கட்டிக்கொண்டு, அலைச்சறுக்கும்போது படமெடுப்பதற்கான கருவி அது. உடம்போடு ஒட்டி வருவதுதான் இதன் பிறவிக்குணம்.

ஆனாலும் நான் ஆக்‌ஷன் கேமரா என்றே எழுதப்போகிறேன். கடையில் போய்க் கேட்டு வாங்குகிற பொருள் இது. எந்த நிறுவனம் செய்தது என்றாலும் ‘கோப்ரோ’ என்றே கேட்கிறவர்கள்தான் பாதிப்பேர். கேட்டு வாங்கும் பொருளுக்குக் கடைக்காரருக்குத் தெரிந்த பெயர் போதும். திரைக்குள் இருக்கிற, புரிந்தால்தான் பயன்படுத்த முடிகிற ஒரு வேலைக்குத்தான் தமிழ்ச்சொல் அவசரமாக வேண்டியிருக்கிறது. என் கேள்வி அதைப் பற்றியது.

> ஸ்டெபிலைசேஷனுக்கு ‘உறுதிப்படுத்தல்’, ‘நிலைப்படுத்தல்’ என்று ஏற்கெனவே சொற்கள் இருக்கின்றனவே. புதிதாக எதற்கு?

இருக்கின்றன, மறுக்கவில்லை. என் கைபேசியின் தமிழ்ப் பட்டியலில் ‘வீடியோ உறுதிப்படுத்தல்’ என்ற வரியைப் பார்த்துவிட்டு, எடுத்த படத்தைச் சேமிக்கலாமா என்று உறுதி கேட்கிறது போலும் என்று நினைத்து அணைத்து வைத்திருந்தேன். சிரிக்க வேண்டாம், உண்மை. பணம் அனுப்பும்போது வருவதும் ‘உறுதிப்படுத்து’தானே.

‘நிலைப்படுத்தல்’ அதைவிடத் தேவலை. ஆனால் அதைக் கேட்டதும் மனக்கண்ணில் வருவது, முக்காலியில் கேமராவை அசையாமல் நிறுத்துவது. இங்கே நடப்பது நேர் எதிர். கேமரா ஆடிக்கொண்டேதான் இருக்கிறது, படம் மட்டும் ஆடாமல் வருகிறது. (வீட்டில் ஸ்டெபிலைசர் என்றால் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் தொங்குவதுதான். அந்தப் பெயரை வைத்தும் இதைப் புரியவைக்க முடியாது.)

உள்ளே என்ன நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன், சொல் அதிலிருந்துதான் பிறக்க வேண்டும். கேமராவுக்குள் ஜைரோ என்ற உணரி ஒன்று, கருவி எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்று நொடிக்குப் பலநூறு முறை குறித்துக்கொள்கிறது. வலப்பக்கம் சாய்ந்தால் சட்டகத்தை (வீடியோவின் ஒவ்வொரு தனிப்படத்தையும்) அதே அளவு இடப்பக்கம் நகர்த்துகிறது மென்பொருள். நகர்த்த இடம் வேண்டுமே, அதற்காகப் படத்தின் நான்கு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டிவிடுகிறது. அதனால்தான் இந்த வசதியைப் போட்டதும் காட்சி சற்றே குறுகித் தெரிகிறது. 2018இல் கோப்ரோவின் ஏழாவது ஹீரோ ‘ஹைப்பர்ஸ்மூத்’ என்ற பெயரில் இதைக் கொண்டுவந்த பிறகு, கிம்பல் (கேமராவை ஆடாமல் தாங்கும் மோட்டார் பிடி) இல்லாமலே மலைப்பாதையைப் பார்க்கிறபடி எடுக்க முடிந்தது.

சரி, என் பரிந்துரைக்கு வருகிறேன். பிரசவம் முடிந்து வீடு திரும்பும் மகளை ஆட்டோவில் ஏற்றும்போது ஓட்டுநரிடம் என்ன சொல்கிறோம்? ‘அலுங்காமல் குலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்துடுங்க.’ ரோட்டில் பள்ளம் இருக்கிறது, வண்டி ஆடும், எல்லாருக்கும் தெரியும். ஆட்டம் உள்ளே இருப்பவருக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். ஸ்டெபிலைசேஷன் செய்வது அச்சு அசலாக இதையேதான். ‘அலுங்காமை’ என்றேன்.

> ‘ஆமை’யில் முடியும் சொல் இல்லாததைக் குறிக்கும். ஒரு வசதிக்கு எதிர்மறைப் பெயரா? மேலும் ‘அலுங்கு’ என்றால் எறும்புதின்னி.

எறும்புதின்னி அழுங்கு, ழகரம். பேச்சில் ல, ழ கலந்துபோகும் ஊர்களும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். எதிர்மறை பற்றி: கொல்லாமை, கள்ளாமை, வெஃகாமை என்று அதிகாரத்துக்கே பெயர் வைத்த மொழி இது. இல்லாததன் பெயரையே ஒரு பண்பின் பெயராக வைப்பது நமக்குப் பழகியதுதான். இயலாமை, முயலாமை என்று ‘ஆமை புகுந்த வீடு’ நகைச்சுவையை யாராவது எடுப்பதற்குள் நானே எடுத்துவிட்டேன்.

ஒரு கலைச்சொல் நிற்குமா என்று பார்க்க அதைத் தனியாக வைத்து முகர்ந்து பார்த்தால் போதாது. குடும்பம் பெருகுகிறதா என்று பார்க்க வேண்டும். மென்பொருளால் செய்வது மின்னணு அலுங்காமை. கண்ணாடி வில்லையையே காந்தத்தில் மிதக்கவிட்டு நகர்த்துவது ஒளியியல் அலுங்காமை. மோட்டார் வைத்த கிம்பலுக்கு அலுங்காத்தாங்கி. ‘அலுங்காமையைப் போட்டுக்கோ’, ‘அலுங்காமையை அணைச்சுடு’ என்று பேச்சிலும் வருகிறது. என் தம்பி மகனிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல் இந்தச் சொல்லை மட்டும் கொடுத்தேன். ‘ஓ, ஆடாம எடுக்கறதா பெரியப்பா’ என்றான். நான் வைத்த தேர்வு அவ்வளவுதான்.

> குலுக்கல், நடுக்கம், அதிர்வு எல்லாம் ஒன்றுதானே. ‘அதிர்வுநீக்கம்’ எளிதாக இருக்கிறது.

இல்லை, ஒன்றில்லை. இதைத்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் கடந்துபோகிற இடத்தில் தமிழில் நாலு சொல் இருக்கிறது, நாலும் வேறு வேறு. கை நடுங்கும். பள்ளத்தில் வண்டி குலுங்கும். எஞ்சின் அதிரும். வளைவில் உடம்பு சாயும். கேமராவுக்கும் இவை நான்கும் வேறு வேறுதான்.

சொந்த அனுபவம். கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். என்னுடையது ஒற்றை சிலிண்டர் வண்டி, மெதுவாகப் போனால் பல் கிட்டும் அளவுக்கு அதிரும். கேமராவைக் கைப்பிடிக் கம்பியில் இறுக்கிக் கவ்விவிட்டு, அலுங்காமையை உச்சத்தில் வைத்து, மேலே போய்ச் சேரும் வரை எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால் பள்ளம் எதுவுமே தெரியவில்லை, குலுக்கல் சுத்தமாகப் போயிருந்தது. ஆனால் சாலையும் மரமும் வளைவின் எண் பலகையும் தட்டில் வைத்த நுங்கு மாதிரித் தளதளவென்று ஆடிக்கொண்டிருந்தன. எழுபது வளைவும் அப்படியே.

காரணம் இது. இந்தக் கேமராக்கள் ஒரு சட்டகத்தை ஒரே நொடிப்பில் எடுப்பதில்லை, மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கின்றன. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையில் எஞ்சின் அதிர்வு கருவியை இப்படியும் அப்படியும் தள்ளிவிடுகிறது. அதனால் நேர்க்கோடு நெளிகிறது. சட்டகத்தை மொத்தமாக நகர்த்துகிற அலுங்காமைக்குச் சட்டகத்துக்குள்ளேயே நடக்கிற இந்த நெளிவு பிடிபடுவதில்லை. ‘அதிர்வுநீக்கம்’ என்று பெயர் வைத்தால், எது நீங்காதோ அதை நீக்குவதாக வாக்குக் கொடுத்துவிடுகிறோம். படிப்பவர் என்னைப் போலவே கைப்பிடியில் கவ்விவைத்து ஏமாறுவார்.

அதிர்வு எவ்வளவு பொல்லாதது என்பதற்கு இன்னொன்று. மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் தொலைபேசியை மாட்டினால், எஞ்சின் அதிர்வு ஒளியியல் அலுங்காமையைக் காலப்போக்கில் கெடுத்துவிடலாம் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. மிதக்கும் வில்லை தாங்காது. அதாவது அலுங்காமை அதிர்வை நீக்குவது இருக்கட்டும், அதிர்வு அலுங்காமையை நீக்கிவிடும்.

கொல்லிமலைப் படத்தில் வந்த அந்த நெளிகிற ஆட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஜெல்லியை வைத்துப் பெயர் சொல்கிறார்கள். நமக்கு நுங்கு இருக்கிறது. ‘நுங்காட்டம்’ என்று வைக்கலாமா? வேடிக்கையாகத் தோன்றினால் ‘நெளிவு’ இருக்கட்டும், சண்டை போட மாட்டேன். ஆனால் நுங்காட்டம் என்று ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார். இதே சாலையில் நாம் சாதாரணமாகச் சொல்கிற ‘கொண்டை ஊசி வளைவு’ ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்ததுதான். அது எப்படி நின்றது? நம் வீட்டு அலமாரியில் கொண்டை ஊசி இருந்தது, அந்த வளைவு கண்ணுக்குத் தெரிந்தது. பெயர்ப்பா புதுப்பிறப்பா என்பதைவிட, கேட்டதும் ஏதாவது கண்முன் வருகிறதா என்பதையே நான் பார்க்கிறேன்.

நுங்காட்டத்துக்குத் தீர்வு மென்பொருளில் இல்லை, மாட்டும் இடத்தில் இருக்கிறது. கேமராவைக் கம்பியிலிருந்து எடுத்து உடம்புக்கு மாற்றினால் பெரும்பகுதி போய்விடும், சதை அதிர்வைக் குடித்துவிடுகிறது. அடுத்த முறை மார்பில் கட்டிக்கொண்டு போனேன். கைப்பிடி, இரண்டு கை, முன்னால் சாலை, எல்லாம் சட்டகத்துக்குள் வந்தன, வேகமும் தெரிந்தது. கைப்பிடியில்தான் வைப்பேன் என்பவர்கள் கவ்விக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை இரண்டு சுற்று சுற்றிக்கொள்ளலாம். முழுக்கப் போகாது, குறையும்.

மார்பில் கட்டும் அந்தப் பட்டைக்கு ‘மார்புக்கச்சை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இலக்கணமாகச் சரி. கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள், அப்புறம் பேசுவோம். ‘மார்புப்பட்டை’ போதும்.

தலைக்கவசத்தில் மாட்டினால் அதிர்வு இன்னும் குறைவு. ஆனால் ஓட்டுகிறவர் கண்ணாடியைப் பார்க்க, கடையைப் பார்க்க, தலையைத் திருப்பிக்கொண்டே இருப்பார், பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். விழுந்தால் கவசத்துக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கும் கட்டியான பொருள் தலைக்கு நல்லதில்லை என்ற கவலையும் இருக்கிறது. 2022இல் கேரள மோட்டார் வாகனத் துறை தலைக்கவசக் கேமராவுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. பொள்ளாச்சி, கம்பம் பக்கத்திலிருந்து மலை தாண்டிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். கையேட்டில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறேன்.

கருவியைப் பாதுகாப்பாகப் பிணைக்கும் சிறு கயிற்றுக்கும் ஒருவர் சொல் தந்திருந்தார். ‘பாதுகாப்பு இழைவடம்’ என்று வந்தது. வேண்டாமே. மாட்டைக் கட்டும் கயிறு தும்பு. ‘தும்பை விட்டு வாலைப் பிடிப்பது’ என்பது கேமரா கழன்று விழுந்தபின் ஓடுகிறவனுக்காகவே சொன்னது போலிருக்கிறது. நானும் ஓடியிருக்கிறேன், முப்பத்தோராவது வளைவில். நல்லவேளை, பின்னால் பேருந்து வரவில்லை. தும்பு என்றே எழுதுகிறேன்.

> மாலை வெளிச்சத்தில் அலுங்காமை போட்டாலும் படம் மங்கலாகத் துடிக்கிறதே, அது ஏன்? அதற்கும் சொல் வேண்டுமா?

சொல் வேண்டாம், விளக்கம் போதும். வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒவ்வொரு சட்டகத்துக்கும் திரையை அதிக நேரம் திறந்து வைக்கிறது. உச்சி வெயிலில் ஆயிரத்தில் ஒரு நொடி போதும் என்றால், அந்தியில் அறுபதில் ஒரு நொடிக்கு வந்துவிடும். அந்த நேரத்துக்குள் நடந்த குலுக்கல் அந்தச் சட்டகத்திலேயே இழுபட்டுப் பதிந்துவிடுகிறது. அலுங்காமை சட்டகத்தை இடம் மாற்றும், உள்ளே பதிந்த இழுப்பை அழிக்காது. அதனால் ஆடாத காட்சிக்குள் திடீர் திடீரென்று மங்கல் வரும். மலையில் மரநிழல் அடர்ந்த இடங்களில் பகலிலேயே இது நடக்கும். யாரோ சொன்னார்கள் என்று என்.டி என்ற கருப்புக் கண்ணாடியை முதல் நாளே கேமரா வில்லைக்கு முன்னால் மாட்டிக்கொள்கிறவர்களுக்கும் இதே கதிதான், அதுவும் வெளிச்சத்தைக் குறைப்பதுதானே. புதியவர்கள் அதை வாங்கவே வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். காலை ஏழு முதல் பத்து வரை எடுங்கள், போதும்.

மெமரி கார்டு பற்றிய பகுதியில் சொல் சிக்கல் இல்லை. வி30 என்று போட்டிருக்கும் அட்டை நொடிக்கு 30 மெகாபைட்டாவது தொடர்ந்து எழுதும். நொடிக்கு 100 மெகாபிட் (எட்டு பிட் ஒரு பைட்) வீதம் 4கே தரத்தில் எடுத்தால் மணிக்கு 45 ஜிகாபைட் ஆகும். எழுபது வளைவையும் எடுக்காதீர்கள், ஏழு போதும். யாரும் பார்ப்பதில்லை, என் வீட்டிலேயே பார்க்கவில்லை.

ஆக, கையேட்டில் வரப்போகும் வாக்கியம் இது. படித்துப் பார்த்து எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்:

‘கிளம்பும் முன் அலுங்காமையைப் போடுங்கள். கைப்பிடியில் கவ்வினால் நுங்காட்டம் வரும், மார்புப்பட்டை நல்லது. தும்பைக் கட்டிவிட்டு வண்டியை எடுங்கள்.’

நுங்காட்டம் பற்றி இன்னும் இரண்டு பேர் தயங்குகிறார்கள் என்று தெரிகிறது. அவர்கள் மட்டும் இந்த வாரத்துக்குள் மாற்றுச்சொல் தந்தால் சேர்த்துக்கொள்கிறேன். ‘அதிர்வுநீக்கம்’ என்று மறுபடி யாரும் எழுத வேண்டாம், கொல்லிமலைப் படத்தை முழுநீளமும் அனுப்பிவிடுவேன்.