மண்டபத்தில் லைடார் அளவீடு: ஆலோசனை தேவை
மண்டபம் கடற்கரையில் காற்று மாசை அளக்க, 532 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் கொண்ட லைடாரை (ஒளித்துடிப்பை வானில் செலுத்தி, துகள்களில் பட்டுச் சிதறித் திரும்பும் ஒளியை அளக்கும் கருவி) இயக்குகிறேன். ஆடிக் காற்று வலுத்த இந்த மூன்று வாரங்களாக, பிற்பகல்தோறும் 400 மீட்டருக்குக் கீழே துகள்களின் டீபோலரைசேஷன் விகிதம் (திரும்பும் ஒளியில் முனைவாக்கத் திசை மாறிய பகுதிக்கும் மாறாத பகுதிக்கும் உள்ள விகிதம்; உருண்டையாக இல்லாத துகள்களில் இது கூடும்) 0.03-இலிருந்து 0.12 வரை உயர்ந்து, இரவில் தணிகிறது.

முதலில் கடலுப்பு உலர்ந்து படிகமாகிறது என்றே எண்ணினேன். ஆனால் அதற்கு ஈரப்பதம் ஏறத்தாழ 45 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். இங்கே தரைமட்டத்தில் அது 65-க்குக் கீழே வந்ததே இல்லை. ஆகவே கரைமணல் புழுதியையே சந்தேகிக்கிறேன்.

சாளரக் கண்ணாடியில் படிந்த உப்பைத் துடைத்தேன், பகலொளியின் பின்னணியைக் கழித்தேன், முனைவாக்கத் திசையைத் திருப்பும் அரையலைத் தகட்டைச் சுழற்றி இரு உணரிகளையும் மறு அளவுத்திருத்தம் செய்தேன், உயர்வு மாறவில்லை.

பாலைவனத் தூசுக்கு வழக்கமாகக் கொள்ளும் 0.3 என்ற மதிப்பு, சிப்பித்தூள் கலந்த இக்கரை மணலுக்குப் பொருந்துமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. கடலுப்பிலிருந்து புழுதியின் பங்கைப் பிரிக்க, இம்மணலுக்கு எந்த விகிதத்தைத் தூய மதிப்பாக (புழுதி மட்டுமே இருந்தால் வரும் மதிப்பாக) எடுப்பது?