பென்சிலா, தாளா? யாளித் தூணில் ஆரம்பித்த தகராறு

கோட்டை அகழி, சத்துவாச்சாரி

இந்தத் தகராறைக் கிளப்பினது ஏழாவது படிக்கிற என் பொண்ணு. பழியை முதல்லயே அவ மேல போட்டுடறேன்.

நாற்பது வயசுக்கு மேல படம் வரையணும்னு ஆசை வந்த ஆள் நான். வாரம் முழுக்கக் கணக்கு எழுதுற வேலை. ஞாயித்துக்கிழமை காலையில கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம். வேலூர்லயே பிறந்து வளர்ந்தும் அந்த யாளித் தூண்களை ஒருநாளும் நின்னு பார்த்ததில்லை. வரைய உட்கார்ந்த பிறகுதான் ஒரே தூண்ல எத்தனை பல், எத்தனை நகம், யார் யார் மேல ஏறி நிக்கிறான்னு கண்ணுல பட்டுது.

ஆசைக்கு ஏத்த மாதிரி சாமானும் வாங்கியாச்சு. ஸ்டெட்லர் லூமோகிராஃப் 2B ஒண்ணு, 4B ஒண்ணு. அந்த நீலப் பென்சில் ஒண்ணுக்குக் கொடுத்த காசுல நட்ராஜ் ஒரு டப்பா வாங்கியிருக்கலாம்னு வீட்டுல சொன்னாங்க, காதுல போட்டுக்கல. கூடவே ஒரு நோட்டு. வெள்ளை வெளேர்னு, தடவினா விரல் வழுக்கிக்கிட்டு ஓடுற தாள்.

போன மே மாசம், அக்னி நட்சத்திரம். கல் மண்டபம் குளுமைதான், ஆனா உள்ளங்கை கேக்கணுமே. யாளியோட வாயில ஆரம்பிச்சு வரைஞ்சுக்கிட்டே இருந்தேன். முடிச்சுட்டுப் பார்த்தா சுண்டுவிரல் ஓரம் முழுக்க வெள்ளி பூசின மாதிரி மினுக்குது, யாளி மேல மேகம் கவிஞ்சிருக்கு. வாய்க்குள்ள நல்ல இருட்டு வேணும்னு அழுத்தினேன். தாள்ல பள்ளம் விழுந்ததே தவிர கருப்பு ஏறல.

வீட்டுக்கு வந்து காட்டினா, பொண்ணு தன்னோட ரஃப் நோட்டை எடுத்தா. பழுப்புத் தாள், அங்கங்க நார் தெரியுது. பையில கிடந்த நட்ராஜ் 621ஐ வெச்சு ரெண்டே நிமிஷத்துல என் யாளியைப் பார்த்து ஒரு யாளி. பல்லு எண்ணிக்கை தப்பு, ஆனா வாய்க்குள்ள கும்மிருட்டு! "உன் பென்சில் வேஸ்டுப்பா"ன்னுட்டு டிபன் சாப்பிடப் போயிட்டா.

விடுவேனா? என் பென்சில் என் தாள், என் பென்சில் அவ தாள், அவ பென்சில் என் தாள், அவ பென்சில் அவ தாள்னு நாலு கட்டம் போட்டு, ஒரே கையால ஒரே அழுத்தத்துல நிரப்பினேன். என் தாள்ல இருந்த ரெண்டு கட்டமும் சாம்பல். விரலால ஒரு இழுப்பு இழுத்தா கட்டத்தை விட்டே வெளிய வந்துடுது. அவ தாள்ல இருந்த ரெண்டும் கருப்பு. அதுல என் 2B இன்னும் ஒரு படி அதிகக் கருப்பு. ஆக, பென்சில் வேஸ்ட் இல்லை. நான்தான் அதை வழுக்குப் பாறையில ஓடவிட்டிருக்கேன்.

யோசிச்சா விஷயம் சாதாரணம்தான். பேனா மை தாளுக்குள்ள ஊறும். ஊறிப் பரவக்கூடாதுன்னுதான் நோட்டுத் தாளை மழமழன்னு பண்றாங்க. பென்சில்ல ஊற எதுவும் கிடையாது. தாளோட நார் கிராஃபைட்டைத் தேங்காய் துருவுற மாதிரி துருவி எடுத்து, தன் இடுக்குல வெச்சுக்கணும். துருவ முள்ளே இல்லாத தாள்ல எந்தப் பென்சிலும் மேலோட்டமா மினுக்கிட்டுப் போயிடும். கை வியர்வை பட்டா மிச்சமும் போச்சு.

HB, 2B கணக்கும் அப்பதான் சரியா புரிஞ்சுது. கிராஃபைட்டோட களிமண் எவ்வளவு சேர்க்கிறாங்கங்கிறதுதான் அது. 1795ல பிரான்ஸ்ல கோன்டேன்னு ஒருத்தர் கண்ட வழி. சண்டையில இங்கிலாந்து கிராஃபைட் வரத்து நின்னுபோச்சு, கையிலிருந்த தூளைக் களிமண்ணோட பிசைஞ்சு சூளையில சுட்டார். களிமண் கூடினா கெட்டி, H பக்கம். குறைஞ்சா மெத்து, B பக்கம். ஆனா இந்த அளவு கம்பெனிக்குக் கம்பெனி ஒண்ணா இருக்கிறதில்லை. ஒருத்தரோட HB இன்னொருத்தரோட B மாதிரி எழுதும். இன்னொண்ணு: நட்ராஜ் உசத்தியா அப்சரா உசத்தியான்னு சின்ன வயசுல அடிச்சுக்கிட்டவங்க கவனிக்க, ரெண்டும் ஒரே கம்பெனிதான். ஹிந்துஸ்தான் பென்சில்ஸ்.

அப்புறம்தான் லாங் பஜார் பக்கத்துச் சந்துல ஒரு பைண்டிங் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் என் வழுவழு நோட்டை வாங்கி, கட்டைவிரலால ஒரு தடவு தடவிட்டுத் திருப்பிக் கொடுத்துட்டார்.

"இன்னா சார், இது பேனாவுக்கு. மேப்லித்தோல போட்டுத் தரட்டா?"

"எவ்ளோ ஜிஎஸ்எம் பாய்?" (மேப்லித்தோங்கிறது பூச்சு இல்லாத அச்சுத் தாள். ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் தாளோட எடை, கிராம்ல.)

"நூறு வாங்கிக்க. அறுபதுல போட்டா பின்பக்கம் தெரியும். அப்பால வந்து என்னைத் திட்டுவ."

ஒரு தாளை எடுத்து நீளவாக்குல கிழிச்சார், நூல் பிடிச்ச மாதிரி நேரா வந்துது. குறுக்கே கிழிச்சார், கோணல்மாணலா போச்சு. நேரா கிழியற திசையிலதான் நார் ஓடுது, அது நோட்டோட முதுகுக்கு இணையா இருக்கணும்னார். மாறிப்போனா நோட்டு விரிச்ச இடத்துல நிக்காது, பக்கம் விறைச்சுக்கிட்டு எழுந்துக்கும். வாங்கின பல நோட்டுங்க ஏன் என்கூட மல்லுக்கட்டுச்சுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

தையல் போட்டு, முதுகுல காலிகோ துணி ஒட்டி, மைதாப் பசையில மயில்துத்தம் கலந்து (இல்லைன்னா பூச்சி தின்னுடுமாம்) ரெண்டு நாள்ல கொடுத்தார். பேராசையில இருநூறு பக்கம் கேட்டுட்டேன், அது என் தப்பு. செங்கல் கனம். தொடையில வெச்சு வரைய முடியல. அடுத்தது எண்பது பக்கம்தான்.

என் கட்சி இதுதான்: பென்சில் எதுவா இருந்தாலும் பரவாயில்லை, தாளைத் தடவிப் பார்த்து வாங்குங்க. உங்க அனுபவம் என்ன?

நாலு கோடு நோட்டு, காட்பாடி

வணக்கம் சார். ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். "பென்சில் எதுவா இருந்தாலும் பரவாயில்லை" என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. என் வகுப்புக்கு வந்து ஒரு பீரியட் உட்கார்ந்து பாருங்கள். "மிஸ், முனை ஒடிஞ்சிடுச்சு" என்ற குரல் ஓயவே ஓயாது.

பிள்ளைகள் அழுத்தி எழுதுவதால் ஒடிகிறது என்றுதான் நானும் பல வருடம் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரே பென்சில் சீவச் சீவத் துண்டு துண்டாக விழுந்தது. பொறுமை போய், பிளேடால் நீளவாக்கில் பிளந்தே பார்த்தேன். உள்ளே குச்சி நாலு இடத்தில் உடைந்து கிடந்தது. மரத்துக்கு ஒரு கீறல் இல்லை. பெஞ்சிலிருந்து சிமென்ட் தரையில் விழுந்து விழுந்து உள்ளுக்குள்ளேயே நொறுங்கியிருக்கிறது. அன்றிலிருந்து பென்சில் கீழே விழாமலிருக்க, பெஞ்சு ஓரத்தில் பழைய அட்டையை மடித்து ஒரு தடுப்பு ஒட்டிவிட்டேன். சத்தம் பாதியாகக் குறைந்தது.

இன்னொன்றும் உண்டு. வாங்கும்போது பென்சிலின் பின்பக்கத்தைப் பாருங்கள். கருப்புப் புள்ளி நட்ட நடுவில் இருக்க வேண்டும். ஓரமாக ஒதுங்கியிருந்தால், எவ்வளவு சீவினாலும் ஒரு பக்கம் மரம் முனை வரைக்கும் வந்து தாளைக் கீறும். குழந்தைக்கு அது சொல்லத் தெரியாது, "எழுத வரல மிஸ்" என்று அழும்.

"எக்ஸ்ட்ரா டார்க்" என்று போட்டிருந்தால் கையெழுத்து அழகாக வரும் என்று அம்மாக்கள் நினைக்கிறார்கள். எங்கள் வகுப்பில் ஒரு குழந்தை இடது கைக்காரி. எழுதிய எழுத்தின் மேலேயே கை நகர்ந்து போகும். மதியத்துக்குள் உள்ளங்கை ஓரம், யூனிஃபார்ம், கன்னம் எல்லாம் கரி. அவளுக்கு சாதாரண HB கொடுத்து, நோட்டை வலது பக்கம் கொஞ்சம் சாய்த்து வைக்கச் சொன்னேன். அவள் அம்மா, "டீச்சர், இப்பல்லாம் சோப்பு செலவு கம்மி" என்றார்.

குட்டையாகிப் போன பென்சிலைத் தூக்கிப் போட மனசு வராத சாதி நாங்கள். தீர்ந்துபோன பேனாவின் மூடியைப் பின்னால் செருகினால் இன்னும் ஒரு மாதம் ஓடும்.

தோல் வாசம், ஆம்பூர்

அண்ணா, ஷூ கம்பெனில பேட்டர்ன் (தோல் வெட்ற அளவு அட்டை) போடற டேபிள்ல வேலை பாக்குறேன். எங்க கதை தனி. கருப்புத் தோல் மேல பென்சில் கோடு போட்டா இன்னா தெரியும்? சில்வர் பேனாதான். ஆனா பேட்டர்ன் அட்டையில 2H. சீவி முடிச்சதும் உப்புத்தாள்ல முனையை ஒரு உரசு உரசிக்கினு போடணும். கோடு அரை மில்லி தடிச்சா, வெட்டுறவன் கோட்டுக்கு உள்ள வெட்டுறதா வெளிய வெட்டுறதான்னு சண்டைக்கு வருவான். B பென்சிலை டேபிள் பக்கம் கொண்டாந்தா மேஸ்திரி வாங்கி காதுல சொருவிக்கினு போய்டுவார், திரும்பி வராது.

கவுண்டன்யா கரை, குடியாத்தம்

2021 நவம்பர் வெள்ளத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மோர்தானா அணை நிரம்பி ஆறு ஊருக்குள் வந்தபோது எங்கள் வீட்டில் முழங்கால் தண்ணீர். கீழ்த் தட்டில் அப்பாவுடைய நோட்டுகள் இருந்தன. எந்தத் தறிக்கு எவ்வளவு பாவு கொடுத்தது, யார் எவ்வளவு முன்பணம் வாங்கியது என்று முப்பது வருடக் கணக்கு. என் கல்லூரி நோட்டுகளும் அதே தட்டில்தான்.

தண்ணீர் வடிந்ததும் மாடியில் கயிறு கட்டித் துணி மாதிரி காயப்போட்டோம். ஜெல் பேனாவில் எழுதிய என் நோட்டுகள் நீலச் சாயம் தோய்த்த வேட்டி போல இருந்தன, ஒரு வரி தேறவில்லை. அப்பா எழுதியது பென்சிலில். தாள் சுருங்கி, சேறு ஒட்டி, ஓரம் பிய்ந்து... ஆனால் ஒரு எண் அழியவில்லை. கிராஃபைட் தண்ணீரில் கரையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அதைக் கயிற்றில் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டி வந்தது.

எதற்காகப் பென்சில் என்று அப்பாவைக் கேட்டேன். "பாக்கியைக் கொடுத்துட்டா அழிச்சிடலாம் இல்ல" என்றார். வெள்ளம் அவர் கணக்கிலேயே இல்லை.

வெயிட்டிங் ஹால், வாலாஜா

நான் வரைவது சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் மட்டும்தான். அம்மாவை மாதம் ஒருமுறை கூட்டிப் போகிறேன். காத்திருக்கும் நேரத்தில் போனைப் பார்த்துப் பார்த்துத் தலைவலி வந்ததால் சட்டைப்பைக்குள் அடங்குகிற நோட்டும் ஒரு பென்சிலும் வாங்கினேன். உட்கார்ந்தே தூங்குகிறவர்கள்தான் நல்ல மாடல், அசைய மாட்டார்கள். முகத்தை வரைந்தால் தப்பாக நினைப்பார்களோ என்று கை, செருப்பு, கட்டைப்பை, இவற்றோடு நிறுத்திக்கொள்வேன்.

அந்தப் பக்கத்துத் தெருக்களில் வங்காளி எழுத்தில் போர்டு மாட்டிய லாட்ஜும் சாப்பாட்டுக் கடையும் இருப்பது வேலூர்க்காரர்களுக்குத் தெரியும். ஒருநாள் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் வரைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாஷை கிடையாது. கையை நீட்டினார், கொடுத்தேன். பென்சிலைப் படுக்கவைத்துப் பிடித்து, முனையின் பக்கவாட்டால் நாலு தேய்ப்புத் தேய்த்தார். ஒரு ஆறு வந்தது. அப்புறம் முனையால் ஒரே ஒரு கோடு. அதுதான் படகு. கீழே வங்காளியில் ஏதோ எழுதி, ஓரத்தை ஊதிவிட்டுக் கொடுத்தார். அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

அது வரைக்கும் பென்சிலைப் பேனா மாதிரி நிமிர்த்திப் பிடித்தே வரைந்துகொண்டிருந்தவன் நான். ஷார்ப்னரில் சீவினால் பக்கவாட்டில் தேய்க்க அவ்வளவு கிராஃபைட் வெளியே தெரியாது. இப்போது பிளேடால் நீளமாகச் சீவுகிறேன். ஒடியத்தான் செய்கிறது, ஒடிந்தால் ஒடியட்டும். என் நோட்டுத் தாள் எத்தனை ஜிஎஸ்எம் என்று கேட்காதீர்கள், மருந்துக் கடையில் வாங்கியது.

கோட்டை அகழி, சத்துவாச்சாரி

வாலாஜா தம்பி, அந்த வங்காளி எழுத்து என்னன்னு யார்கிட்டயாவது காட்டிக் கேட்டீங்களா? அந்தச் சாப்பாட்டுக் கடையிலயே கேக்கலாமே.

டீச்சர், நேத்து சாயங்காலம் பத்துப் பென்சில் இருக்கிற டப்பா ஒண்ணை வாங்கினேன். கடைக்காரர் முறைக்க முறைக்க அங்கேயே பிரிச்சு, ஒவ்வொண்ணா பின்பக்கம் பார்த்தேன். ஏழுல புள்ளி நடுவுல இருந்துது, மூணு ஓரம்போயிருந்துது. அந்த மூணைத்தான் இன்னிக்கு முதல்ல சீவினேன். நீங்க சொன்ன மாதிரியே ஒரு பக்கம் மரம் முட்டிக்கிட்டு வருது. நூறு ஜிஎஸ்எம் மேப்லித்தோவும் அதுக்கு ஒண்ணும் பண்ண முடியல. என் கட்சியைக் கொஞ்சம் திருத்திக்கிறேன்.

அந்தச் செங்கல் நோட்டு இப்போ பொண்ணுகிட்ட. தரையில குப்புறப் படுத்துக்கிட்டு வரையறா, அவளுக்குக் கனம் ஒரு பொருட்டே இல்லை. யாளிக்கு இப்பவும் பல்லு கூடவேதான் போடறா.