புதுப்பிப்பு: கே6-2இ+ எம்பெடட் சிப் பூட் ஆகிவிட்டது

பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. சூப்பர் சாக்கெட் 7 என்ற பழைய வகை மதர்போர்டில் ஏஎம்டி கே6-2இ+ சிப்பின் (எம்பெடட், அதாவது கருவிகளுக்குள் பொருத்தவென வந்த ப்ராசசர்) குறைமின்சார வகையைப் போட்டால் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) திரையிலேயே நிற்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன்.

முதலில் சாதாரண கே6-2 சிப்பை மாட்டி, திருத்தப்பட்ட பயாஸை ஏற்றிவிட்டு, பிறகு கே6-2இ+க்கு மாற்றச் சொன்ன யோசனைதான் பலித்தது. போர்டிலுள்ள ஜம்பரில் (அமைப்பை மாற்றும் சிறு இணைப்பான்) கோர் மின்னழுத்தத்தைச் சிப்பின் மேல் அச்சிட்டபடி வைத்தேன். சாதாரண கே6-2வின் 2.2 வோல்ட் இதற்கு அதிகம், கவனம்.

எதிர்பாராதது: சிப்புக்குள்ளேயே 128 கேபி எல்2 கேஷ் (இரண்டாம் நிலை வேக நினைவகம்) இருப்பதால் போர்டின் கேஷ் எல்3, அதாவது மூன்றாம் நிலை ஆகிவிட்டது. அப்புறம், செட்மல் என்ற நிரலால் டாஸ் இயங்குதளத்திலிருந்தே பெருக்கியை (போர்டின் வேகத்தைப் போல் சிப் எத்தனை மடங்கு ஓடும் என்ற எண்) 2 வரை இறக்கிச் சிப்பை மெதுவாக்க முடிகிறது. வேகம் தாங்காத பழைய விளையாட்டுகளுக்கு இது பெரிய வரம். இதற்காகவே இந்தச் சிப்பை வாங்கலாம்.