காயிதாவும் ஈமானும்: பிள்ளைக்கு எந்தப் புத்தகம்?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அரபு ஓதவும் ஈமானின் (இறைநம்பிக்கையின்) அடிப்படையைச் சொல்லித்தரவும் புத்தகம் வேணும். சூராக்களை (குர்ஆன் அத்தியாயங்களை) தமிழ் எழுத்தில் போட்டது போதுமா?

பதில் 1: வஅலைக்குமுஸ்ஸலாம். அது மட்டும் போதாது. ஸீன், ஸாத் என்ற இரண்டு அரபு எழுத்துக்கும் தமிழில் ஒரே 'ஸ'தான். 'கல்ப்' என்ற சொல்லையே பாருங்க: தொண்டைப் பக்கம் நாக்கின் பின்பகுதியில் பிறக்கும் காஃபில் சொன்னால் இதயம், சற்று முன்னால் பிறக்கும் காஃபில் சொன்னால் நாய்! தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்று.

காயிதாவில் (அரபு எழுத்து கற்கும் தொடக்கப் புத்தகம்) 28 அரபு எழுத்துக்கும் முதல், நடு, கடைசி வடிவம் இருக்கா பாருங்க. அலிஃப், தால், தால் (புள்ளி வைத்தது), ரா, ஸாய், வாவ் ஆறும் அடுத்த எழுத்தோடு சேராது. இதைச் சொல்லாவிட்டால் பிள்ளை ஒரே சொல்லை இரண்டாக உடைத்து வாசிக்கும்.

பதில் 2: காயிதாவும் குர்ஆனும் ஒரே அச்சு முறையில் இருக்கட்டும். நீட்டி ஓதும் யா, வாவ் எழுத்துகள் மேல் இந்திய அச்சில் ஸுகூன் (உயிரொலி இல்லை என்று காட்டும் குறி) வரும். மதீனா அச்சில் குறியே இருக்காது. மாற்றினால் பிள்ளை திணறும்.

ஈமானின் 6 அம்சங்களைப் பட்டியலாக மட்டும் தரும் புத்தகம் வீண். இக்லாஸ் சூராவின் 4 வசனங்களைப் பொருளோடு ஓதவைத்து அதிலிருந்தே தவ்ஹீதை (இறைவன் ஒருவனே என்பதை) தொடங்குங்க.

கேள்வி கேட்டவர்: ஜஸாக்கல்லாஹு கைரன்.