பூங்காவுல ஜியோகேச் வைக்கணும், தோட்டத்துக் கதையோட. யோசனை சொல்லுங்க

சிப்புட் அக்கா:
வணக்கம். நான் மலேசியா, பேராக்குல இருக்கிற சுங்கை சிப்புட். எங்க தாமான், அதாவது குடியிருப்பு, முன்ன ரப்பர் தோட்டமா இருந்த நிலம். தொழிலாளிங்க வரிசையாக் குடியிருந்த லயத்தை இடிச்சுட்டு டெரஸ் வீடு கட்டினாங்க. காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு எடுத்த இடம்தான் இப்போ பிள்ளைங்க விளையாடுற பூங்கா. மிச்சம்னு பார்த்தா ஓரத்துல ஒரே ஒரு பால்மரம், வேலியை ஒட்டி மாரியம்மன் கோயில், அவ்வளவுதான்.

பள்ளி விடுமுறைக்கு வந்த அண்ணன் மகன்தான் ஜியோகேச்சிங் காட்டினான். ஒருத்தர் டப்பாவை ஒளிச்சு வெச்சு ஜிபிஎஸ் எண்ணை இணையத்துல போடுறார். தேடி வர்றவங்க உள்ள இருக்கிற தாள்ல பேர் எழுதிட்டு அங்கேயே திருப்பி வைக்கணும். எனக்கு ஒரே ஆசையாப் போச்சு.

சுங்கை சிப்புட்னு சொன்னாலே வெளியூர்க்காரங்க 1948 ஜூன் 16-ஐத்தான் பேசுவாங்க. எல்ஃபில், பின் சூன் தோட்டங்கள்ல மூணு வெள்ளைக்காரத் துரைமாரைக் கம்யூனிஸ்டுங்க சுட்டது, தொடர்ந்து அவங்களை அடக்க பிரிட்டிஷ் அரசு மலாயாவுல அவசரகாலம் கொண்டு வந்தது. துரைமார் பேரெல்லாம் புத்தகத்துல இருக்கு. இருட்டோட எழுந்து பால் வெட்டப் போனவங்க பேர் எதுல இருக்கு? எங்கம்மா இந்தத் தோட்டத்துலதான் வெட்டினாங்க. தேடி வர்ற ஆளு அந்த ஜனங்களைத் தெரிஞ்சுக்கிட்டுப் போகணும். டப்பாவைக் கோயில் மதில் இடுக்குல வைக்கலாமா, மரத்தடியில புதைக்கலாமா?

ஈப்போ தேடல்:
அக்கா, ரெண்டும் வேணாம். கோயில் மதிலை ஆளுங்க தடவிக்கிட்டு நின்னா சாமி கும்பிட வர்றவங்களுக்குச் சங்கடம். மண்ணைத் தோண்டிப் புதைக்க விதியிலேயே இடமில்ல. மல்டி-கேச்சாப் போடுங்க. மரத்துலயும் கோயில்லயும் டப்பா இருக்காது, பார்த்து விடை கண்டுபிடிக்கணும். அந்த விடையில வர்ற எண்தான் கடைசி டப்பாவுக்கு வழி. அது அடுத்தவர் டப்பாவுக்கு 161 மீட்டராவது தள்ளி இருக்கணும். முதல்ல நகராண்மைக் கழகத்துல அனுமதி வாங்கிடுங்க. தாளோட பென்சில் வைங்க, நம்ம மழைக்குப் பேனா மை கரைஞ்சிடும். மிட்டாய் கூடாது.

பழைய தண்டல்:
அம்மா, தோட்டத்துல வெட்டுக்காரங்களை மேற்பார்த்தவன் நான். கேள்வி அந்த மரத்துலயே இருக்கு. வெட்டுக்கோடு இடப்பக்கம் மேல தொடங்கி வலப்பக்கம் கீழ இறங்கும். பட்டைக்குள்ள பால் ஓடுற குழாய் வலப்பக்கமா லேசாச் சாஞ்சு ஏறும், அதுக்குக் குறுக்க வெட்டினாத்தான் நிறைய அறுபடும், பாலும் நிறைய வரும். கத்தி ஆழமா இறங்கிக் கட்டையைத் தொட்டுட்டா, பட்டை திரும்ப வளரும்போது முண்டு முண்டா வரும். கையை வெச்சுத் தடவினா, பழகாத கை வெட்டின மரம்னு சொல்லிடுவேன். இருட்டோட ஏன் போனோம்னும் எழுதுங்க. வெயில் ஏறினா பால் சீக்கிரம் நின்னுடும்.

இன்னொண்ணு, துண்டாடல். தோட்டத்தைக் கூறு போட்டு வித்தப்போ ஜனங்க நடுத்தெருவுக்கு வந்தாங்க. அதுக்குத்தான் 1960-ல அப்போ அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சார். தொழிலாளிங்க 10 வெள்ளி (மலாயா டாலர்), 10 வெள்ளியாக் கட்டித் தோட்டம் வாங்கினாங்க. அவரும் உங்க ஊர்க்காரர்தானே!

கோலக்கங்சார் வாசகி:
1948-ஐ ஒதுக்கிடாதீங்க அக்கா. அவசரகாலத்துல தோட்டத்து ஜனங்களையும் ஒரே இடமாச் சேர்த்து முள்வேலி போட்டு அடைச்சாங்க, அரிசியைக்கூட அளந்துதான் கொடுத்தாங்க. அதுவும் அவங்க கதைதான்.

சிப்புட் அக்கா:
ஆமாம்மா, முள்வேலியைச் சேர்க்கிறேன். அம்மாவுக்கு அதெல்லாம் சின்ன வயசு, கேட்டா சொல்லுவாங்க.

தண்டல் ஐயா, உடனே போய்த் தடவிப் பார்த்தேன். என் இடுப்பு உயரத்துல வரிசையா முண்டு இருக்கு, அதுக்கு மேல பட்டை வழவழன்னு இருக்கு. முண்டை எண்ணச் சொல்றதுதான் முதல் கேள்வி. ஈப்போ தம்பி, ரெண்டாவதுக்குக் கோயில் கல்வெட்டுல இருக்கிற கும்பாபிஷேக ஆண்டை எடுத்துக்கலாமா? ரோட்டுல நின்னாலே தெரியும், உள்ள போக வேண்டாம்.

ஈப்போ தேடல்:
தாராளமா. ஆனா பெயின்ட்ல எழுதினதா, செதுக்கினதா? அடுத்த கும்பாபிஷேகத்துல அழிச்சு எழுதிட்டா உங்க கணக்கு தப்பிடும்.

சிப்புட் அக்கா:
செதுக்கினது. கோயில் தலைவர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டே போடுறேன்.