அகதிகள் கொள்கையில் பிஎச்.டி.: குளத்துப்புழையிலிருந்து எங்கே தொடங்குவது?

கவிதா, குளத்துப்புழை

வணக்கம். அரசியல் அறிவியலில் எம்.ஏ. முடித்திருக்கிறேன், 58 சதவீதம். நாடு விட்டு நாடு போகும் மக்கள், அவர்களுக்கு அடைக்கலம் தருகிற, மறுக்கிற சட்டங்கள், இதில்தான் பிஎச்.டி. செய்ய வேண்டும் என்று இருக்கிறேன்.

நாங்கள் கேரளத்தின் புனலூர் ஆர்.பி.எல். (இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காக அரசு தொடங்கிய நிறுவனம்) ரப்பர் தோட்டத்து ஆட்கள். தாத்தாவும் பாட்டியும், தோட்டத் தமிழரை இந்தியாவும் இலங்கையும் பிரித்துக்கொண்ட 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையின் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அம்மா இன்றும் விடிவதற்கு முன்பே பால் வெட்டப் போகிறார். கண்டியில் தாத்தாவுக்குக் கொடுத்த இந்திய பாஸ்போர்ட்டும் இந்தியா வந்ததும் மண்டபம் இடைத்தங்கல் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையும் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. அட்டையில் பெயரும் வயதும் வரிசையாக இருக்கும். சித்தியின் வயதை மட்டும் அடித்துத் திருத்தி, மேலே ஒரு ஊதா முத்திரை குத்தியிருக்கிறார்கள்.

இதையே ஆய்வாக எடுக்கலாமா என்று கல்லூரியில் ஒருவரிடம் கேட்டேன். "அது உள்ளூர் விஷயம், சிரியா, ஐரோப்பா என்று எடுத்தால்தான் வெளிநாட்டில் இடம் கிடைக்கும்" என்றார். அது சரிதானா? பணத்துக்கு என்ன வழி? வீட்டில் இருந்து ஒரு ரூபாய்கூட கேட்க முடியாது.

முத்துக்குமார், செங்கோட்டை (இப்போது ஜெர்மனியில் ஆய்வு மாணவன்)

தங்கச்சி, அவர் சொன்னதை மறந்துவிடுங்கள். உங்கள் கையில் இருப்பது உள்ளூர் விஷயமே இல்லை. இரண்டு அரசுகள் உட்கார்ந்து மனிதர்களைப் பங்கு பிரித்த கதை அது. 1964 ஒப்பந்தத்தில் மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். 1974-இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். போகிறவர்கள் இதில் எங்கே இருந்தார்கள்? இது எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்திலும் நிற்கும் கேள்வி.

ஆனால் தாத்தா கதையை மட்டும் எழுதினால் அது குடும்ப வரலாறாக நின்றுவிடும். அதோடு இதையும் சேர்த்துப் பாருங்கள். ஒப்பந்தப்படி வந்தவர்களை ஏற்றிவந்த தலைமன்னார்-இராமேசுவரம் கப்பல் 1984-இல் நின்றுபோனது. அதற்கு முன்னால் ஒப்பந்தப்படி வந்த மலையகத் தமிழருக்கு (இலங்கை மலைத் தோட்டங்களில் வேலை செய்த இந்திய வம்சாவளித் தமிழர்) பாஸ்போர்ட், மறுவாழ்வுக் கடன், உங்கள் ஊரைப் போல ரப்பர் தோட்டத்தில் வேலை. 1983-இல் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு உயிருக்குப் பயந்து படகேறி வந்தவர்களிலும் அதே மலையகத் தமிழர் இருந்தார்கள். ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பராவில் இருந்தவர்களாகக்கூட இருக்கலாம். அவர்களுக்குக் கிடைத்தது முகாம். அண்ணனுக்குக் குடியுரிமை, தம்பிக்கு அகதி அட்டை. ஒரு அரசு இந்தக் கோட்டை எதை வைத்துப் போட்டது என்பதுதான் என் பார்வையில் உங்கள் ஆய்வுக் கேள்வி. 2019-இல் மதுரைக் கிளை உயர்நீதிமன்றம் இப்படிப்பட்டவர்களின் குடியுரிமை வழக்கில் தந்த தீர்ப்பை இந்த வாரமே படியுங்கள்.

இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையிலும் 1967 நெறிமுறையிலும் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே கிடையாது. அதனால் கொள்கையை அரசாணையிலும் சுற்றறிக்கையிலும் தீர்ப்பிலும்தான் தேடிப் பிடிக்க வேண்டும். ஆய்வுத் திட்டத்தில் இதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். வெளிநாட்டில் படிப்பவர்களுக்கு இது தானாகத் தெரியாது.

இடம் பற்றி. ஆக்ஸ்போர்டில் அகதிகள் ஆய்வு மையம் 1982 முதல் இருக்கிறது. டொரன்டோ யார்க், சசெக்ஸ், ஜெர்மனியில் ஓஸ்னாப்ரூக், சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலையின் கால்டோர் மையம், இவற்றின் பக்கங்களைத் தொடர்ந்து பாருங்கள். நம் பக்கத்தில் திருவனந்தபுரம் சி.டி.எஸ். (வளர்ச்சி ஆய்வு மையம்) இருக்கிறது, 1998-இல் கேரளப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பைத் தொடங்கிய இடம். அது பெரும்பாலும் வளைகுடா வேலை, வீட்டுக்கு வரும் பணம் என்று போகும். புள்ளிவிவரம் கற்க நல்ல இடம், உங்கள் தலைப்புக்கு நேர் பொருத்தம் இல்லை.

ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன் போன்ற நாடுகளில் பிஎச்.டி. பல நேரம் வேலை விளம்பரமாகவே வரும், மாதச் சம்பளத்தோடு. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் புதிய குடிபெயர்வு, அடைக்கல ஒப்பந்தத்தை நிறைவேற்றியதால் அதைச் சுற்றி நிறைய விளம்பரங்கள் வருகின்றன. ஆனால் அங்கே கேள்வி அவர்களுடையது, நீங்கள் அவர்கள் திட்டத்தில் ஒரு ஆள். ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் மேரி கியூரி முனைவர் வலையமைப்பும் அப்படித்தான். அதில் இன்னொரு விதி, சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில் அந்த நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. உங்களுக்கு அது பிரச்சினையே இல்லை.

செல்வி, வண்டிப்பெரியார்

கவிதா, பணம் பற்றி நான் சொல்கிறேன். 58 சதவீதம் போதும், இங்கே பிஎச்.டி.க்கு 55 தான் கேட்கிறார்கள். முதலில் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கப் பாருங்கள். முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வயது வரம்பு 30, பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. கையில் அது இருந்தால் நெறியாளரை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம்.

எஸ்.சி. என்றால் மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள். ஆனால் 2022 விதிகளில் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வுத் தலைப்புகளை விலக்கிவிட்டார்கள். இந்த வரியைப் பலர் பார்ப்பதில்லை. முத்து அண்ணன் சொல்லும் தலைப்பு நேராக அதில் போய் முட்டும். இலங்கை, இந்தியா, இன்னொரு நாடு என்று ஒப்பீட்டு ஆய்வாக அமைத்தால் இடம் இருக்கலாம், விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிகளை வரி வரியாகப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சாதிச் சான்றிதழுக்கு இன்றே அலையத் தொடங்குங்கள். 1950-க்கு முன் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் கேட்டு எங்கள் வீட்டு விண்ணப்பத்தை ஒரு அலுவலகத்தில் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பை விட இந்தக் காகிதம்தான் பெரிய மலை. எவ்வளவு பேர் இதிலேயே விட்டுவிட்டார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

ரவி, மறுவாழ்வு முகாம்

நான் முத்து சொன்ன இரண்டாவது கூட்டம். தாத்தா பாட்டி பதுளைத் தோட்டம், அப்பா அம்மா 1984-இல் படகில் வந்தார்கள். அண்ணன் 1986-இல் முகாமில் பிறந்தார், நான் 1990-இல். 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் சட்டப்படி பிறப்பாலேயே குடிமகன், அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இடம் இல்லை.

முகாமுக்குள் வந்து பேட்டி எடுக்க சென்னையில் மறுவாழ்வுத் துறை ஆணையரகத்தின் அனுமதி வேண்டும். அது வர மாதக்கணக்கில் ஆகும், ஆய்வுக் கால அட்டவணையில் அதற்கு இடம் விடுங்கள்.

இன்னொன்று, மனசு விட்டுச் சொல்கிறேன். கேள்வித்தாளோடு வந்து, அம்மாக்களை அழ வைத்து, பதிவு செய்துகொண்டு போனவர்கள் நிறைய. எழுதியதைத் தமிழில் கொண்டுவந்து காட்டியவர்களை நான் பார்த்ததில்லை. பேசுகிறவர்களின் பெயரையும் முகாமின் பெயரையும் மாற்றுங்கள், குடியுரிமைக்கு மனு போட்டவர்களுக்கு அது முக்கியம்.

கவிதா, குளத்துப்புழை

முத்து அண்ணா, செல்வி அக்கா, ரவி அண்ணா, ரொம்ப நன்றி. அடுத்த நெட் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறேன், சான்றிதழ் வேலையை நாளையே தொடங்குகிறேன். ரவி அண்ணா, திட்டத்தின் முதல் வரைவைத் தமிழில்தான் எழுதப் போகிறேன். முதலில் உங்களுக்கு அனுப்பட்டுமா? உங்கள் அண்ணனும் படித்துப் பார்த்து, எதை எழுதக் கூடாது என்று சொன்னால் நல்லது.